நான் ஏற்க மறுத்த தூதர்

ஈமான் (இறைநம்பிக்கை) கூடிய, படிப்புக் குறைந்த மனிதனின் கையில் ரேடியோவைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தே ஆகவேண்டுமென்றால், அது எந்த நிலையத்தில் நிற்கிறது என்றாவது அவனுக்குச் சொல்லிவிட வேண்டும். இதை நான் எந்தக் கிதாபிலும் படிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்ததே ஒரு பார்வை, அந்த நாளில் கற்றுக்கொண்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ரொட்டிக்கடையில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம். மாத்தளைக்கும் உக்குவளைக்கும் இடையில் ஒரு சின்னக் கடைத்தெருவில் எனக்கு ஒரு கடை இருந்தது. தோட்டக்காரர்களிடம் மிளகு, கறாம்பு, சாதிக்காய் வாங்கி, காயவைத்துக் கொழும்புக்கு அனுப்புவேன். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம். மற்றதெல்லாம் ஓதப்பள்ளிதான். "ஓதுறதிலயும் நிறுக்கிறதிலயும் பிழை விடாதே மகன், மத்ததை அல்லாஹ் பாத்துக்குவான்" என்று உம்மா சொல்லி வளர்த்தார்கள். அந்த இரண்டிலும் பிழை விடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கேட்பதைப் பற்றி உம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மிளகு நன்றாகக் காய்த்த ஒரு வருஷம் ரேடியோ வாங்கினேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. இரண்டுக்கும் நடுவில் இருந்த அலுமாரியில் அதை ஏற்றி வைத்தேன். என் மனைவி ஜெஸீமா அதற்குப் பின்னல் துணி ஒன்று போட்டு, புதுப்பெண்ணுக்கு முக்காடு போட்டது மாதிரி மூடிவைத்தாள். அன்றிலிருந்து கடைத்தெருவில் எனக்கு ஒரு பெறுமதி வந்தது. கறாம்பு கொண்டுவருகிறவர்கள், "என்ன நானா, உலகத்துப் புதினம்?" என்று கேட்பார்கள். நானும் தராசைப் பிடித்தபடியே, "அமெரிக்காக்காரன் இப்பிடிச் செய்திருக்கக் கூடாது" என்பேன். (அமெரிக்கா எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் தொலைந்தேன். தொழுகைக்கு நிற்கிற கிப்லாவைத் தவிர வேறு திசை எனக்குத் தெரியாது.)

என்னுடைய செய்திக்கு உண்மையாகவே காத்துக்கிடந்தவர் ஒருவர்தான். பக்கத்துத் துணிக்கடை காசிம் பாய். குஜராத்துப் பக்கத்து மனிதர், இளவயதில் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவார். தமிழ், துணி அளக்கிற கஜக்கோலுக்கு வேண்டிய அளவு. ரேடியோவில் வருகிற தமிழ் அவருக்குத் தகரத்தில் மழை பெய்கிற சத்தம் மாதிரி. "சத்தம் நல்லா இருக்கு தம்பி, ஒண்ணும் விளங்கல்ல" என்பார்.

பாயின் ஒரே ஆபா, அதாவது மூத்த சகோதரி, கராச்சியில் இருந்தார். தாயில்லாத வீட்டில் பாயை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். நாடு இரண்டாகப் பிரிந்தபோது அவர் அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனார், பாய் இந்தப் பக்கம் வந்தார். இப்போது ஆபா விதவை. ஒரே மகள் நஸீமாவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. ஆனால், "என் தம்பி வந்து நிற்காமல் என் மகளுக்கு நிக்காஹ் இல்லை" என்று ஆபா பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். பாயிடம் இருந்ததோ இந்தியப் பாஸ்போர்ட். வங்காளத்துச் சண்டையோடு இந்தியாவும் பாகிஸ்தானும் முறித்துக்கொண்டு, ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காமல் இருந்த காலம் அது. விசா என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு பெரிய நாடுகள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நின்றதில், பாவம், ஒரு குமர்ப்பிள்ளையின் கலியாணம் நடுவழியில் நின்றது.

பாய்க்கு நான்தான் பாடம் எடுத்தேன். "ரெண்டு நாடும் ராசியானா, ஒருத்தர் நாட்டுக்கு ஒருத்தர் ஸ்தானிகரை அனுப்புவாங்க பாய். ஸ்தானிகர் வந்தா விசாவும் வரும்." ஸ்தானிகர் என்றால் ஒரு அரசாங்கம் இன்னொரு அரசாங்கத்திடம் அனுப்பிவைக்கிற பெரிய மனிதர். கொழும்பு ரேடியோவில் அப்படித்தான் சொல்வார்கள். சிங்களத்தில் தானாபதி. பாய் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் காலையில் கடை திறந்த கையோடு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"தம்பி, நியூஸ் என்ன சொல்லுது? ஸ்தானிகர் வருதா?"

"இன்னம் வரல்ல பாய்."

"சரி, நாளைக்கு வரும்."

ஒரு வியாழக்கிழமை பாய் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என் கடைக்குள் வந்து மிளகுச் சாக்கின் மேல் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க பொறுமை முடிஞ்சு போச்சு தம்பி. இனி நிக்க மாட்டோம், வேற பொண்ணு பாக்குறோம்னு சொல்லுது. நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் ஆபாவுக்குத் தந்தி குடுக்கப் போறேன். தம்பி வராது, நீங்க நிக்காஹ் முடிங்கன்னு. நான் சொன்னாதான் ஆபா கேக்கும்." கொஞ்சநேரம் சாக்கைத் தடவிக்கொண்டிருந்தார். "காலையில நியூஸ் மட்டும் ஒரு தரம் கேட்டுச் சொல்லு. கடைசித் தரம்."

"ஒரு சொல்லையும் தவற விட மாட்டேன் பாய்" என்றேன்.

தவற விடவில்லைதான். ஒரு சொல்லைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துவிட்டேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. சுபஹு தொழுது, தேத்தண்ணி குடித்துவிட்டு ரேடியோவின் முக்காட்டை விலக்கி முடுக்கினேன். முதல்நாள் அது கொழும்பில் இருந்தது. இப்போது இந்தியப் பக்கத்து நிலையம் ஒன்றில் நின்றது. அந்த நிலையத்தில் பாட்டு நன்றாகப் போடுவார்களாம். (யார் திருப்பி வைத்தார்கள் என்று எழுத மாட்டேன். இன்றைக்கும் அவள் கையால்தான் சாப்பிடுகிறேன்.) எனக்கு அது தெரியாது. கொழும்புதான் மழையில் கரகரக்கிறது என்று நினைத்துக் காதை ஒட்டவைத்தேன்.

கர்ர்ர் என்ற இரைச்சலுக்குள் ஒரு ஆண்குரல். "...பாகிஸ்தானின் புதிய தூதரை..." கர்ர்ர். "...இந்தியா ஏற்றுக்கொண்டுள்ளது..." கர்ர்ர். "...அதேபோல் புதிய தூதர் ஒருவரைப் பாகிஸ்தானும்..."

ரேடியோவிலிருந்து காதைப் பிடுங்கிக்கொண்டேன்.

எங்களுக்குத் தூதர் என்றால் அல்லாஹ்வின் தூதர். கலிமாவில் வருகிற சொல். எங்கள் நபி, ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம், அவர்களோடு அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது, இனி ஒருவர் வரப்போவதில்லை என்று ஓதப்பள்ளி லெப்பை பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லித் தந்தார். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கலாம் என்று என் புத்திக்கு எட்டவேயில்லை. இங்கே ஒரு மனிதன், மத்திய மலைநாட்டில் மழை பெய்யும் என்கிற அதே குரலில், புதிய தூதர் வந்துவிட்டார், இந்தியா ஏற்றுக்கொண்டும் விட்டது என்கிறான். அதுவும் ஒருவர் இல்லை, ஆளுக்கொருவர்!

ரேடியோவை நிறுத்தினேன். நிறுத்தியது போதாதென்று பற்றரியையும் கழற்றினேன். சத்தமாகக் கலிமா சொன்னேன். அடுப்படியிலிருந்து ஜெஸீமா மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"யாரு மௌத்து?"

"யாரும் மௌத்தில்ல. புதுசா தூதர் வந்திருக்காராம்."

"எங்க?"

"பாகிஸ்தான்ல. இந்தியாவும் ஏத்துக்கிச்சாம்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாக் கேட்டீங்களா? வேற என்ன சொன்னாங்க?"

"வேற என்ன சொல்லணும்? மிச்சத்தையும் கேட்டுட்டிருந்தா ஈமான் என்னாகிறது?"

"பாய் கேட்டா என்ன சொல்லப் போறீங்க?"

"பாய்க்கா? அவரோட ரெண்டு நாடும்தானே முதல்ல போயிருக்கு!"

சொல்லி வாய் மூடவில்லை, பாய் வாசலில் நின்றார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜும்மாவுக்காகக் காலையிலேயே குளித்து, வெள்ளைக் குர்த்தா போட்டிருந்தார்.

"தம்பி, நியூஸ் என்ன சொல்லுது?"

நான் எழுந்துபோய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "பாய், அந்த ரெண்டு நாட்டையும் இனி நம்பாதீங்க. ரெண்டும் வழிகெட்டுப் போச்சு. உங்க ஆபாவை அல்லாஹ் காப்பாத்தட்டும்."

பாய்க்கு விளங்கியது ஒன்றுதான். ஸ்தானிகர் வரவில்லை. அவர் முகம் நனைந்த துணி மாதிரிச் சுருங்கியது. "சரி தம்பி" என்று மட்டும் சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு போனார். அவருக்கு ஆறுதல் சொன்ன திருப்தியில் நான் தொப்பியைத் தேடினேன். அன்று எனக்கு இருந்த கவலை முஸ்லிம் உம்மத் முழுவதையும் பற்றியது. ஒரு தந்தியைப் பற்றி யோசிக்க எனக்கு எங்கே நேரம்?

பள்ளிவாசலுக்கு எல்லோருக்கும் முந்திப் போனேன். தொழுகை நடத்துகிற ஹஸ்ரத்திடம் விஷயத்தைச் சொல்லி, குத்பாப் பிரசங்கத்திலேயே மக்களை எச்சரிக்கச் சொல்வது என் திட்டம். ஹஸ்ரத் ஹவுள் தொட்டியில் ஒளு செய்துகொண்டிருந்தார். "ஒரு பெரிய பித்னா ஹஸ்ரத், மார்க்கத்துக்கே குழப்பம்" என்றேன். "தொழுகைக்குப் பொறகு பேசுவம் மகன்" என்று காலைக் கழுவினார். சரி, அவருக்கு இன்னும் விஷயத்தின் பாரதூரம் தெரியவில்லை என்று பொறுத்துக்கொண்டேன். அன்றைய குத்பா அண்டை வீட்டாரின் உரிமைகளைப் பற்றியது. ஒரு வசனமும் என் காதில் ஏறவில்லை. என் அண்டைக் கடைக்காரர் எனக்கு முன் வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்தது, துஆ முடிந்தது. சனம் எழும்பப் பார்த்தது. பொறுக்க முடியாமல் நான் முந்தி எழும்பினேன். வாழ்க்கையில் அதுவரை சபையில் நான் பேசியதில்லை. மிளகு நிறுக்கும்போது எண்ணிச் சொல்லுகிற குரல் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதிலேயே தொடங்கினேன்.

"சகோதரர்களே! பாகிஸ்தான்ல புதுசா ஒரு தூதர் வந்திருக்காராம்! இந்தியா அவரை ஏத்துக்கிட்டதாம்! இந்த ஊர்ல நாம உயிர் போனாலும் ஏத்துக்க மாட்டோம்!"

பள்ளிவாசல் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. பின் வரிசையில் லொறிக்கார மச்சான் ஒருவன், ஹனீபா என்று பெயர், எதற்கும் வாய் சும்மா இருக்காது. "நம்மகிட்ட அனுப்பவே இல்லையே மச்சான், எப்பிடி ஏத்துக்கிறது?" என்றான்.

சிரிப்பு ஒன்று சுவரோரமாக ஓடியது. ஹஸ்ரத் கையை உயர்த்தினார்.

"யார் சொன்னது மகன்?"

"ரேடியோவுல, ஹஸ்ரத். என் காதால கேட்டேன்."

"எந்த ரேடியோ?"

"எங்க வீட்டு ரேடியோ."

"அது சரி, கொழும்பா இந்தியாவா?"

யோசித்தேன். செய்தி வாசித்தவனின் தமிழ் நினைவுக்கு வந்தது. கொழும்புக் குரல் இல்லைதான். "இந்தியாவா இருக்குமோ?" என்றேன், குரல் பாதியாக இறங்கி.

ஹஸ்ரத் தென்னிந்தியாவில் ஒரு மதரஸாவில் பத்துப் பதினைந்து வருஷம் ஓதியவர். அவருடைய தாடி லேசாக ஆடியது. சிரிப்பை அடக்குகிறார் என்பது பிறகுதான் விளங்கியது. "மகன், அந்தப் பக்கத்துல ஸ்தானிகரைத் தூதர்னுதான் சொல்லுவாங்க. அரசாங்கத்துத் தூதர். ரெண்டு நாடும் ராசியாகிட்டுது போல. நல்ல செய்தியைத்தானே கொண்டுவந்திருக்கீங்க, எதுக்குச் சண்டைக்குக் கூப்பிடுற மாதிரிச் சொல்றீங்க?"

பள்ளி அதிர்ந்தது. பள்ளிவாசலில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் எல்லோரும் தோளைக் குலுக்கிச் சிரித்தார்கள். அது இன்னும் மோசம். ஹனீபா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்குக் காதிலிருந்து கழுத்து வரை நெருப்பு. பூமி பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்று துஆக் கேட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன், முன் வரிசையில் பாய் இருந்த இடம் காலி. ஸலாம் கொடுத்ததும் போயிருக்கிறார். தந்தி!

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. காலில் ஒரு செருப்பு என்னுடையது, மற்றது யாருடையதோ. (அது ஹஸ்ரத்துடையது என்று மாலையில் தெரிந்தது.) சாரனை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் ஓடினேன். பாண் வரிசையில் நின்ற பெண்கள், யாருக்கோ பிள்ளை பிறக்கப்போகிறது என்று வழிவிட்டார்கள். தபால் கந்தோர் பாலத்துக்கு அந்தப் பக்கம். பாலத்தில் வழுக்கி உட்கார்ந்து, உட்கார்ந்த வாக்கிலேயே கொஞ்ச தூரம் போனேன்.

கந்தோர் வாசலுக்கு நான் போனபோது பாய் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றார். அந்தப் பக்கம் போஸ்ட் மாஸ்டர் மாத்தயா, சிங்களவர், நல்ல மனிதர். ஒரு கையால் கடதாசியைப் பிடித்து வாசித்துக்கொண்டு, மற்றக் கையைத் தந்தி அடிக்கிற கட்டை மேல் வைத்துவிட்டார். எனக்கு மூச்சு வரவில்லை. முழு விளக்கம் சொல்ல நேரமுமில்லை. வாயில் வந்த சிங்களத்தை அப்படியே எறிந்தேன்.

"மாத்தயா! தானாபதி எனவா!"

ஸ்தானிகர் வருகிறார் என்றுதான் சொன்னேன். எங்கே வருகிறார் என்று சொல்லவில்லை. போஸ்ட் மாஸ்டர் கட்டையை விட்டுவிட்டுத் துள்ளி எழும்பினார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை பூட்டினார். "தேசப்பால!" என்று கூப்பிட, உள்ளே சோறு தின்றுகொண்டிருந்த தபால்காரர் ஓடிவந்து விளக்குமாற்றை எடுத்தார். தேத்தண்ணிக் கோப்பைகள் மேசைக்கடியில் மறைந்தன. மாத்தயா தலையை ஒதுக்கிக்கொண்டு வாசலை எட்டிப் பார்த்தார். வாசலில் சேறு பூசிய நான் மட்டும் நின்றேன்.

"தானாபதிதுமா கோ?" அதாவது, எங்கே அவர்?

"டில்லியில, மாத்தயா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்புப் போதாது. கழுத்துப் பொத்தானை மெல்லக் கழற்றினார். ஆனால் அந்தச் சொல் போகவேண்டிய காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"தம்பி... ஸ்தானிகர் வருதா?"

"வருது பாய். ரெண்டு பக்கமும் வருது. நிசமா வருது!"

பாய் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, வெள்ளைக் குர்த்தாவின் ஓரத்தால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா என்று போஸ்ட் மாஸ்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு துணியை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"காலையில நியூஸ் வேற மாதிரி சொல்லுச்சே தம்பி?"

சொன்னேன். வேறு வழியில்லை. தமிழில் பாதி, சிங்களத்தில் பாதி. பாய்க்கு விளங்கிய இடத்தில் போஸ்ட் மாஸ்டருக்கும் விளங்கிவிட்டது. அவர் கட்டையின் மேல் நெற்றியை வைத்துச் சிரித்ததில் டொக் டொக் என்று ஏதோ ஒரு செய்தி கண்டிக்குப் போயே போய்விட்டது. பாய் சிரித்தார், அழுதார், மறுபடியும் சிரித்தார். பிறகு, மாலைச் செய்தியைக் கொழும்பில் கேட்டு உறுதி செய்துகொண்டபிறகு (பற்றரியை ஜெஸீமாதான் போட்டாள், என்னைத் தொட விடவில்லை), மறுநாள் காலையில் வேறொரு தந்தி போனது. "வருகிறேன். நிற்கவும்."

உடனே ஒன்றும் கதவு திறந்துவிடவில்லை. பாய் கொழும்புக்கும் மாத்தளைக்குமாக மாதக்கணக்கில் அலைந்தார். ஆனால் வருகிறேன் என்ற சொல்லுக்கு மாப்பிள்ளை வீட்டார் மரியாதை கொடுத்தார்கள். ஒருநாள் பாய் என் கடைக்குள் வந்து, பாஸ்போர்ட்டைத் திறந்து அந்த முத்திரையைக் காட்டினார். மிளகுத் தூசி படாமல் அதைப் பார்ப்பதற்காக நான் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். நஸீமாவின் நிக்காஹ் அன்று பாய் போய் நின்றார். ஆபா அவருடைய முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாராம். அது போதாதென்று, பாய் அங்கே என் தூதர் கதையையும் சொல்லியிருக்கிறார். கலியாண வீட்டில் சோறு ஆறும் வரை என் கதைதானாம். என் முகம் தெரியாத ஒரு ஊரில் என்னைச் சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார்கள்.

அடுத்த வருஷம் நஸீமாவும் கணவரும் பாயைப் பார்க்க வந்தார்கள். முதல் விருந்து எங்கள் வீட்டில்தான் என்று ஜெஸீமா பிடித்த பிடியில் நின்றாள். நான் கஞ்சி போட்ட சாரனும் புதுத் தொப்பியுமாக வாசலில் நின்றேன். நஸீமாவின் கணவர் நல்ல உயரம், நிலை தட்டாமலிருக்கக் குனியவேண்டியிருந்தது. ஆனால் உள்ளே காலை வைக்கவில்லை. வெளியே நின்று, நெஞ்சில் கையை வைத்து, பாய் பாடமாக்கிக் கொடுத்திருந்த தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான்... தூதர்... இல்லை. மாப்பிள்ளை."

பாய் என்னைப் பார்க்காமல் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். உள்ளே ஜெஸீமாவின் கையிலிருந்து தட்டமொன்று விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. நான் அந்த மனிதரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வெட்கம் ஒரு பக்கம், கண்ணில் தண்ணீர் ஒரு பக்கம்.

அதோடு இந்த வீட்டில் அது சட்டமாகிவிட்டது. என் இரண்டு மருமகன்மாரும் அதைச் சொல்லாமல் எங்கள் நிலைப்படியைத் தாண்டியதில்லை. போன மாதம் பேத்தியைப் பெண் கேட்டு கலேவெலவிலிருந்து வந்தார்கள். என் மக்களில் யார் ஓதிக் கொடுத்தார்களோ, பொடியன் வாசலில் நிமிர்ந்து நின்று, "நான் தூதர் இல்லை, மாப்பிள்ளை" என்றான். பின்னால் நின்ற அவனுடைய ஆட்கள் இது இந்தக் குடும்பத்தின் வழமையாக்கும் என்று நினைத்து, மரியாதைக்கு ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார்கள். கடைசியாகப் பொடியனின் பாட்டனார், என்னைவிட வயது போன மனிதர், கைத்தடியை ஊன்றி மெல்ல ஏறிவந்து என் காதுக்குக் கிட்டே குனிந்தார்.

"நானும் இல்லை தம்பி" என்றார்.